புதையல் நாடும் விளையாட்டு

ஒளித்த பொருளைத் தேடிக் காண்டல் சிறார்க்கே உரிய விளையாட்டென்பர். முதியோரும் அதனை மேற்கொள்ள அறிவியற் கருவியொன்று வழி திறந்தது. 'ஜியோகேச்சிங்' என வழங்கும் அவ்விளையாட்டின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

செயற்கைக்கோள்கள் விடுக்கும் குறிகளைக் கொண்டு, நாம் நிற்குமிடத்தை அறிவிப்பது ஜி.பி.எஸ். கருவி. பொதுமக்கள் பெறும் குறிகளில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. நூறு மீட்டரளவு பிழைத்த கணக்கு ஏறத்தாழ இருபது மீட்டருள் அடங்கிற்று. அதனைச் சோதிக்க விரும்பிய டேவ் அல்மர் என்பார், மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்துக் காடொன்றில் வாளியொன்றைப் பாதி புதைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை உலகறிய வெளியிட்டார். சின்னாளில் அதனைக் கண்டோர் உளர். பின்னர் இவ்விளையாட்டு பல நாடுகளிலும் பரவலாயிற்று.

பேழையைக் கண்டவர் அதனுள் இருக்கும் ஏட்டில் தம் பெயரெழுதுவர். ஒரு பொருளை எடுப்பின் அதற்கு ஈடானதோ மேலானதோ வைப்பர். பேழையை இருந்தவாறே மறைத்து மீள்வர். உள்ளூரில் மாலையுலாவுக்கும் இது துணை. வெளியூர்ச் செல்வார்க்கோ, பெருவழி விட்டு விலகிய அழகிய இடங்களைக் காட்டும் வழிகாட்டி.

அப்பேழைக்குக் காவலரில்லை. ஒருவர் முறை தவறின், நெடுந்தூரம் நடந்து வருவார் வெறும்பேழையையே காண்பர். நூலகத்து நூலில், வேண்டிய ஏடு கிழிக்கப்பட்டிருக்கக் கண்டு வருந்திய நாம் அத்துயரை அறியோமா? பின்வருவாரை நினைந்து, காண்பாரில்லாவிடத்தும் முறை வழுவாமையே இவ்விளையாட்டு தரும் புதையல் என்க.