ஓரணாவும் வாறுகாலும்

அன்புள்ள பேத்திக்கு,

செட்டியார்பட்டியிலிருந்து தாத்தா எழுதுகிறேன். ஏழை எளியவரை முன்னே வைக்கிற முற்போக்கு அரசியல் நகராட்சி, பேரூராட்சி மட்டத்தில் ஜெயிக்குமா என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இது. பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்று உனக்குக் கவலை. போனில் சொல்லத் தொடங்கினால் உன் பாட்டி குறுக்கே பேசுவாள், அதனால் கடிதம்.

சென்னை மாநகராட்சியிலிருந்து ஒரு பழைய கதை. 1920-ல் அதன் தலைவர் பிட்டி தியாகராயர், நீதிக்கட்சிக்காரர். (பணக்காரர்களும் ஜமீன்தார்களும் நிறைந்த கட்சி என்று அதைத் திட்டியவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு, தாயி.) ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவழித்து சிற்றுண்டி கொடுக்கலாம் என்று மன்றம் முடிவெடுத்தது. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-ல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பேர். இரண்டே வருடத்தில் இரு மடங்கு! வேறு யாரும் வந்து பிரசங்கம் செய்யவில்லை, தட்டில் சாப்பாடு இருந்தது, அவ்வளவுதான்.

1925 ஏப்ரல் 1 அன்று அது நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு மறுத்துவிட்டது. தீர்மானம் போடுவது மன்றம், பெட்டிச் சாவி மட்டும் வேறு எங்கோ. சில ஆண்டுகள் கழித்து மறுபடி தொடங்கினார்கள். நம் விருதுநகர்க்காரர் காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அது மாநிலத்துக்கே போனது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. ஆக, அந்த ஓரணா தோற்றதா, ஜெயித்ததா? நான் ஜெயித்தது என்பேன். ஆனால் மாநகராட்சியின் கையை விட்டு நழுவிய பிறகுதான் ஜெயித்தது.

சாவிக் கதை அதோடு முடியவில்லை. மஸ்டர் ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) ஊழலைக் காட்டி 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. ஊழல் செய்தவர்கள்தான் அந்த வாய்ப்பைக் கொடுத்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் தண்டனை இருபத்து மூன்று வருடமா? நம்ம ஊருக்கும் மிச்சம் வைக்கவில்லை: 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்ததும், 2022 பிப்ரவரி தேர்தல் வரை தமிழ்நாட்டு நகரங்கள், பேரூராட்சிகள் எதிலும் கவுன்சிலர் இல்லை. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். புதுக் கவுன்சிலர்கள் வந்து உட்கார்ந்த சில வாரங்களில் சொத்துவரி உயர்வு வந்தது. முடிவு கோட்டையில். வசவு கவுன்சிலருக்கு!

பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கினார்கள். அங்கே வார்டுக் கூட்டத்தில் சண்டை போட ஒரு பொருள் இருந்தது. காசே இல்லாத கூட்டத்துக்கு யார் வருவார்?

அமெரிக்காவில் மில்வாக்கி என்றொரு நகரம். சோசலிஸ்டுகள் அங்கே பலமுறை மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டேனியல் ஹோன் மட்டும் 1916 முதல் 1940 வரை. கட்டிய கழிவுநீர்க் குழாய்களைப் பற்றியே பெருமையடித்தார்கள் என்று சொந்தத் தோழர்களே 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வாறுகாலில் தண்ணீர் தேங்கி நிற்கிற தெருவில் இருப்பவனுக்குப் புரட்சி என்றால் முதலில் அது ஓடுவதுதான்.

பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கிடைத்தாலும் 811, 1,671 என்ற இரண்டு எண்களையும் மறக்காமல் சொல். எதிரணி எழுந்து, பிறகு ஏன் 1925-ல் நின்றது என்று கேட்பார்கள். அந்த நிதி விதியைச் சொல்லி, அதை எழுதியது யார் என்று நீ திருப்பிக் கேள்.

அன்புடன்,
தாத்தா