மனிதன் நல்லவனா, கெட்டவனா?

கேள்வி: கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் மகள், ‘மனிதன் சுயநலக்காரன் என்கிறார் ஹாப்ஸ், சமூகம்தான் அவனைக் கெடுத்தது என்கிறார் ரூசோ’ என்று அடுக்குகிறாள். இதில் யாரை நம்புவது? இதற்கும் நம் வாழ்க்கைக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, ஏரவாடா, புனே

பதில்: சம்பந்தம் உங்கள் ஊர்ச் சிறைக்குள்ளேயே இருக்கிறது அம்மா.

உள்நாட்டுப் போரைக் கண்ட ஹாப்ஸ், 1651இல் மனிதனை அடக்க வலுத்த அரசு வேண்டும் என்றார். 1755இல் ரூசோ அதைத் திருப்பிப் போட்டார். ஆனால் சமூகத்துக்கு முந்தைய ‘அசல் மனிதன்’ ஒருவனை இருவருமே தேடினார்கள். 1922இல் ‘மனித இயல்பும் நடத்தையும்’ எழுதிய அமெரிக்கர் ஜான் டூயி அந்தத் தேடலையே விட்டுவிட்டார். உந்துதல்கள் பிறவியிலேயே உண்டு. அவை அன்பாகுமா, வெறுப்பாகுமா என்பதைப் பழக்கம் தீர்மானிக்கிறது. பழக்கத்தைச் சமூக ஏற்பாடுகள் உருவாக்குகின்றன. ஆகவே உபதேசம் மட்டும் போதாது, சூழலை மாற்ற வேண்டும் என்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பாடம் கேட்டவர் அம்பேத்கர்.

1932 செப்டம்பர் 20. ஒடுக்கப்பட்டோருக்கான தனி வாக்காளர் தொகுதிகளை எதிர்த்து ஏரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். சாதி இந்துக்களின் மனசாட்சியை உலுக்குவதே அவர் நோக்கம். மனம் மாறும் என்று உயிரையே பணயம் வைத்து நம்பினார். அம்பேத்கரோ சிறை முற்றத்து மாமரத்தடியில் அவருடன் ஒடுக்கப்பட்டோருக்கான சட்டசபை இடங்களைப் பற்றிப் பேசினார். 24ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும்கூடக் கையெழுத்திட்டார்கள். மாகாண சட்டசபைகளில் 71ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. ஒவ்வொரு தனி இடத்துக்கும் முதலில் ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்வு செய்வார்கள்.

மேல்சாதிக்காரர் மனம் இளகும்வரை காத்திராத ஏற்பாடு இது. கடைசித் தேர்வு பெரும்பான்மையின் கைக்கே போனது அதன் பெரிய குறை. அம்பேத்கரே பின்னாளில் அதைக் கடுமையாகச் சாடினார். ஆனாலும் நான் அவர் பக்கம்தான். உண்ணாவிரதத்தின்போது பல கோயில்கள் திறந்தன, உண்மைதான். அந்த நெகிழ்ச்சியைத் தினசரிப் பழக்கமாக்கச் சட்டமும் பதவியும் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன.

ஹாப்ஸா ரூசோவா என்று உங்கள் மகள் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலை முதலில் படிக்கட்டும். அதில் தன் ஆசிரியர் டூயியை அவர் எந்த இடத்தில் துணைக்கு அழைக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.