‘நியர்’ விளையாட்டின் இசையும் புனைமொழியும்: ஒரு பார்வை

“இது தமிழ்ப்பாட்டா?” என்று விடுதியில் என் அறைத்தோழன் கேட்டான். கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பன். கணினியில் ஒலித்துக்கொண்டிருந்தது தமிழன்று, ஜப்பானியமும் அன்று. காணொளி விளையாட்டு ஒன்றுக்காக ஒரு பாடகி புனைந்த மொழி. அதைச் சொன்னதும், “பொருளே இல்லாத பாட்டை எப்படி ரசிக்கிறாய்?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

‘நியர்’, ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டு. இயக்கியவர் யோக்கோ தாரோ. இசைக்குழுவின் தலைவர் கெய்ச்சி ஒகாபே. கதை நடப்பதோ இன்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் அப்பால். பாடல்களுக்குக் குரல் கொடுத்த எமி எவன்ஸ், தோக்கியோவில் வாழும் இங்கிலாந்துப் பெண். இன்றைய மொழிகள் ஆயிரம் ஆண்டு தேய்ந்து திரிந்தால் எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பார்த்து, ஒரு பாட்டுக்குக் கேலிக் மொழியின் சாயல், இன்னொன்றுக்குப் பிரெஞ்சின் சாயல் என்று அவரே சொற்களைப் புனைந்தார். ரசிகர்கள் இதைக் ‘கேயாஸ்’ மொழி என்பர். இதற்கு அகராதி கிடையாது, இலக்கணமும் கிடையாது. மொழி என்பதைவிட மொழியின் முகம் என்பதே பொருந்தும்.

விளையாட்டுகளில் புனைமொழி புதிதன்று. 2001இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 10’ விளையாட்டில் ‘அல் பெட்’ என்றொரு மொழி உண்டு. அது ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி வைத்த மறைகுறிதான். 26 ஏடுகளையும் தேடி எடுத்துவிட்டால் எல்லாம் புரிந்துவிடும். பூட்டும் சாவியும் போல. எனக்கு அதில் அவ்வளவு சுவை இல்லை. புதிரை விடுவித்ததும் காதுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

எவன்ஸின் பாடல்கள் வேறு வகை. ஒரு சொல்கூடப் புரியாமலே “இது பிரெஞ்சு போல இருக்கிறதே” என்று எப்படித் தோன்றுகிறது? இங்கேதான் நாம் மனனம் செய்து மறந்த இலக்கணம் கைகொடுக்கிறது. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறதே, அதுதான். டகரமும் ணகரமும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. ஒவ்வொரு மொழிக்கும் இத்தகைய வாசற்காவல் உண்டு. பொருளை விட்டுவிட்டு இந்தக் காவலை மட்டும் பின்பற்றினால் போதும், காது ஏமாந்துவிடும். ஒரு சோதனை: “நெழுவம் பொவிந்தான்.” இப்போது நான் இட்டுக்கட்டியதுதான். ஆனாலும் ஒருவன் எதையோ செய்து முடித்துவிட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது! எதற்காகப் பொவிந்தான் என்றுகூடக் கேட்கத் தோன்றுகிறது.

விளையாட்டில் ஒரு கிராமம். அதன் நீரூற்றருகே அமர்ந்து தெவோலா என்னும் பெண் பாடிக்கொண்டிருப்பாள். தூரத்தில் வெறும் இசை. நெருங்க நெருங்கக் குரல் சேர்ந்துகொள்ளும். செய்யவேண்டிய பணியை மறந்து பலமுறை அங்கேயே நின்றிருக்கிறேன். சொல்லைப் பிடிக்க மனம் ஓடாததால், குரலின் நடுக்கமும் மூச்செடுக்கும் இடமும்கூடக் கேட்கின்றன.

2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமாட்டா’ இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. அதன் நிறைவுப் பாடல் ஒரே மெட்டில் ஆங்கிலத்தில் ஒன்று, ஜப்பானியத்தில் ஒன்று, எவன்ஸின் புனைமொழியில் ஒன்று என வருகிறது. ஆங்கிலப் பாட்டைக் கேட்டால் பாடுபவரின் துயரம் இன்னதென்று தெரிகிறது. புனைமொழிப் பாட்டில் அத்துயரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. கேட்பவர் தம்முடையதை வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நண்பனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காலையில் துணி மடிக்கும்போது முணுமுணுப்பாயே, அதுவும் இந்த விளையாட்டுப் பாட்டா?” என்றான்.

அது தேவாரம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், திங்கள்தோறும் சபைகூடலில் பாடியது. பொருள் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் எனக்குச் சனிக்கிழமை வகுப்பாகச் சுருங்கிப்போனது. எவன்ஸின் பாட்டை எப்படிக் கேட்டேனோ அப்படியேதான் தேவாரத்தையும் இத்தனை காலம் பாடியிருக்கிறேன்: மெட்டும் ஒலியும் மட்டும்.

அன்றிரவு நூலகத்திலிருந்து உரைநூல் எடுத்து வந்து முதல் அடியைப் பிரித்துப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து நான் மூச்செடுத்து வந்த இடம் ஒரு சொல்லின் நடுப்பகுதி! புணர்ச்சியில் சேர்ந்திருந்த இரண்டு சொற்களைத் தவறான இடத்தில் வெட்டி, இல்லாத ஒரு சொல்லை நானே உண்டாக்கி வைத்திருக்கிறேன். எவன்ஸின் பாட்டில் எங்கே வெட்டினாலும் பிழையில்லை.

இரண்டு அடிகளுக்குப் பொருள் எழுதி நண்பனிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு அடிகள் பாக்கி.