உடன்படிக்கைச் செய்தி ஒளிப்படங்களில் எச்சம்: தொல்காப்பியச் செய்யுள் உறுப்புகள்வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உடன்படிக்கைகள் கையெழுத்தாகும் நிகழ்வைப் பதிவுசெய்த செய்தி ஒளிப்படங்கள், வரலாற்று எழுத்தில் பெரும்பாலும் உடன்பாட்டுக்கான நேர்ச்சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் என்னும் நான்கு உறுப்புகளின் துணையுடன் அவ்வொளிப்படங்களை இக்கட்டுரை வாசிக்கிறது. கொம்பியேன் (1918, 1940), மியூனிக் (1938), டாக்கா (1971), கொழும்பு (1987) ஆகிய நிகழ்வுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒளிப்படத்தின் நம்பகத்தன்மை அதன் மெய்ப்பாட்டிலிருந்து பிறக்கிறது. அதன் வரலாற்றுப் பொருளோ எச்சத்தில் தங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: செய்தி ஒளிப்படம், உடன்படிக்கை, செய்யுளியல், மெய்ப்பாடு, எச்சம், இந்திய - இலங்கை ஒப்பந்தம்.

1. முன்னுரை

1938 செப்டம்பர் 30 அன்று இலண்டனை அடுத்த ஹெஸ்டன் விமான நிலையத்தில் பிரித்தானியத் தலைமை அமைச்சர் நெவில் சேம்பர்லின் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். அக்காட்சியின் ஒளிப்படம் 'மியூனிக் உடன்படிக்கை' என்னும் தலைப்பின்கீழ் அச்சிடப்படுவதுண்டு. ஆனால், அவர் கையிலிருந்த தாள் அவ்வுடன்படிக்கை அன்று. அவரும் ஹிட்லரும் தனியே கையெழுத்திட்ட ஆங்கில - ஜெர்மானியக் கூட்டறிக்கை. மியூனிக் உடன்படிக்கையில் ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு, பிரித்தானியா ஆகிய நான்கு நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. யாருடைய நிலப்பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டதோ அந்தச் செக்கோசுலோவாக்கியா கையெழுத்திட்டோருள் இல்லை.

ஒளிப்படம் இங்குப் பொய் கூறவில்லை. தாளும் உண்மை, அதை உயர்த்திய கையும் உண்மை. பிழை வாசிப்பில் நேர்கிறது. இத்தகைய ஒளிப்படங்களை வாசிப்பதற்கான நெறி ஒன்று தமிழ் இலக்கணமரபில் உண்டா என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

2. அணுகுமுறை

செய்யுளியல் தொகுத்துரைக்கும் 34 உறுப்புகளுள் மாத்திரை, அசை, சீர், அடி, தொடை முதலியன யாப்பின் அமைப்பைச் சார்ந்தவை. களன், காலம், கேட்போர், பயன், மெய்ப்பாடு, எச்சம் முதலியனவோ கூற்று நிகழும் சூழலையும் பொருள் விளங்கும் முறையையும் சார்ந்தவை. இப்பிற்பகுதி உறுப்புகளைச் சொல்லால் அமையாத பனுவலுக்கும் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

இவற்றுள் மெய்ப்பாடும் எச்சமும் தம்முள் எதிர்நிலையில் இயங்குகின்றன. ஆராய்ந்து உணர வேண்டிய தேவையின்றிப் பொருள் கண்முன் தோன்றுமாறு அமைவது மெய்ப்பாடு. சொல்லாலோ குறிப்பாலோ பிறிதொன்றைக் கொண்டு நிரப்பினாலன்றிப் பொருள் முடியாதது எச்சம். ஒளிப்படம் முன்னதை மிகுதியாகத் தருகிறது. அம்மிகுதியே, நிரப்ப வேண்டியது ஒன்று உண்டு என்னும் எண்ணத்தை வாசகரிடமிருந்து அகற்றிவிடுகிறது.

3. களனும் காலமும்: கொம்பியேன்

1918 நவம்பர் 11 அதிகாலையில், பிரான்சின் கொம்பியேன் காட்டில் நிறுத்தப்பட்டிருந்த தொடர்வண்டிப் பெட்டியொன்றில் முதல் உலகப்போரின் போர்நிறுத்தம் கையெழுத்தானது. முற்பகல் 11 மணிக்கு அது நடைமுறைக்கு வந்தது. பெட்டியினுள் கையெழுத்திடும் காட்சிக்கு ஒளிப்படம் இல்லை; அதைக் காட்டுபவை பின்னர்த் தீட்டப்பெற்ற ஓவியங்களே. புகழ்பெற்ற ஒளிப்படத்தில் தளபதி ஃபோஷும் நேச நாட்டு அதிகாரிகளும் பெட்டிக்கு வெளியே நிற்கின்றனர். ஜெர்மானியக் குழுவின் தலைவர் மத்தியாசு எர்சுபெர்கர் அதில் இல்லை. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர் என்னும் வெறுப்புக்கு இலக்கான அவர் 1921இல் தீவிரத் தேசியவாதிகளால் கொல்லப்பட்டார். கையெழுத்தின் சுமையை உயிரால் செலுத்தியவர் அக்கையெழுத்தின் அடையாளப் படத்தில் இடம்பெறவில்லை.

1940இல் அதே பெட்டி அருங்காட்சியகத்திலிருந்து வெளிக்கொணரப்பட்டு அதே இடத்தில் நிறுத்தப்பட்டது. இம்முறை பணிந்து கையெழுத்திட வந்தது பிரான்சு. களன் இங்கு நிகழ்வின் பின்புலமாக மட்டும் நிற்கவில்லை. 1918ஐ மாற்றி எழுதும் கூற்றாகவே ஆகிறது. காலமோ வேறொரு மயக்கத்தை உண்டாக்குகிறது. ஹிட்லர் அப்பெட்டியருகே நிற்கும் ஒளிப்படங்கள் சூன் 21ஆம் நாளுக்குரியவை. நிபந்தனைகளின் முகவுரை வாசிக்கப்பட்டதும் அவர் வெளியேறிவிட்டார். மறுநாள் சூன் 22 அன்று கையெழுத்திட்டவர்கள் ஜெர்மனியின் கைட்டெலும் பிரான்சின் ஊன்சிகேரும் ஆவர். ஆயினும் பொதுநினைவில் 'கையெழுத்துப் படம்' என நிலைபெற்றிருப்பது ஹிட்லரின் உருவமே. களனின் வலிமை, காலத்தின் ஒருநாள் இடைவெளியை மறைத்துவிடுகிறது.

4. மெய்ப்பாடு: டாக்கா

1971 திசம்பர் 16 மாலை, டாக்காவின் இரம்னா குதிரைப்பந்தயத் திடலில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில் ஒரே மேசையின் பின்னே இருவர் அமர்ந்துள்ளனர். பாகிசுதானின் கிழக்குப் படைத்தளபதி நியாசி குனிந்து கையெழுத்திடுகிறார். இந்தியத் தளபதி செகச்சித் சிங் அரோரா அருகிலிருந்து நோக்குகிறார். நாகர்கோவிலில் பிறந்த துணைக் கடற்படைத்தலைவர் நீ. கிருட்டிணன், விமானப்படையின் திவான், தரைப்படையின் சகத் சிங், சேக்கப் ஆகியோர் பின்னே சூழ்ந்து நிற்போருள் அடங்குவர்.

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. தறுகண், இசைமை என்பனவற்றின்வழிப் பெருமிதமும், வருத்தம் என்பதன்வழி இளிவரலும் பிறக்கும் என்பது அதன் நெறி. ஒரே மேசையில், ஒரு முழ இடைவெளியில், இவ்விரு மெய்ப்பாடுகளும் அருகருகே அமைந்திருப்பதே அவ்வொளிப்படத்தின் ஈர்ப்பு. சுமார் 93,000 பேர் போர்க்கைதிகளான நிகழ்வு, குனிந்த ஒரு தலையாகச் சுருங்கிவிடுகிறது. ஆராய்ந்துணர எதுவும் எஞ்சியிராததுபோல் பொருள் உடனே விளங்கிவிடுகிறது.

ஆவணத்தின் வாசகத்தை ஒப்பிடும்போதே எச்சம் புலப்படும். கிழக்குக் களத்தில் உள்ள இந்திய, வங்கதேசப் படைகளின் தலைமைத் தளபதி என்னும் நிலையிலேயே அரோராவிடம் சரண் அளிக்கப்பட்டது. மேசையில் அமர்ந்திருப்போர் இருவருமே வங்கதேசத்தவர் அல்லர். வங்கதேசப் படையின் சார்பில் ஏ. கே. கந்தகர் நிகழ்விடத்தில் இருந்தார். அப்படையின் தலைமைத் தளபதி உசுமானி வரவில்லை. ஒரு நாட்டின் பிறப்பைக் குறிக்கும் ஒளிப்படத்தின் நடுவிடத்தில் அந்நாட்டார் இல்லை என்பது, இரு நாடுகளும் அப்போரை நினைவுகூரும் முறைகள் வேறுபடுவதை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

5. எச்சம்: கொழும்பு

தமிழாய்வாளர் மிகுந்த கருத்துடன் வாசிக்க வேண்டியது 1987 சூலை 29ஆம் நாள் ஒளிப்படம். கொழும்பில் இந்தியத் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் செ. ஆர். செயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் காட்சி அது. இருவர், இரு படிகள், இரு கையெழுத்துகள் எனக் காட்சி முழுமை பெற்றதாகத் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தின் வாசகம் அம்முழுமையைக் கலைக்கிறது. கையெழுத்தான 48 மணி நேரத்துக்குள் போர்ச்செயல்கள் நிற்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்த 72 மணி நேரத்துக்குள் போராளிக் குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைத்து முடிக்க வேண்டும் என்பன அதன் கூறுகள். ஆயுதம் ஒப்படைத்தல் என்னும் வினைக்கு வினைமுதல் போராளிக் குழுக்கள்; அவற்றுள் எதுவும் கையெழுத்திட்ட தரப்பு அன்று. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் அந்நாளில் புதுதில்லியில் இருந்தார். இலக்கணவழி நோக்கின், ஒப்பந்தத்தில் வெளிப்படையாக நிற்கும் எழுவாய் ஒளிப்படத்தில் தோன்றா எழுவாயாக நிற்கிறது.

எச்சம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியது அன்று. தலைமை அமைச்சர் பிரேமதாசா ஒப்பந்தத்தை எதிர்த்து விழாவைத் தவிர்த்தார். கொழும்பில் எதிர்ப்பை அடக்க ஊரடங்கு நடைமுறையிலிருந்தது. சிங்கள மக்களிடையே நிலவிய அவ்வெதிர்ப்பும் மேசையைச் சுற்றிய சட்டகத்துக்கு வெளியே நின்றது.

மறுநாள் சூலை 30 அன்று அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இராசீவ் காந்தியைத் தாக்கினார். அக்கணத்தைச் சேனா விதானகம எடுத்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. முதல்நாள் ஒளிப்படத்தின் எச்சத்துள் ஒரு பகுதியை மறுநாள் ஒளிப்படம் நிரப்பிற்று எனலாம். மற்றொரு பகுதி ஆகத்து 4 அன்று சுதுமலையில் பிரபாகரன் ஆற்றிய உரையிலும், அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே மூண்ட போரிலும் வெளிப்பட்டது. அப்போரில் உயிரிழந்த தமிழ்மக்கள் எந்தக் கையெழுத்துப் படத்திலும் இல்லை.

இங்கு ஒரு தடை எழலாம்: கையெழுத்திடுவோரைக் காட்டுவதே இத்தகைய ஒளிப்படத்தின் கடமையாதலின், ஏனையோர் இன்மையைக் குறையெனக் கூறுதல் தகுமோ என்பது. எச்சம் என்பது குற்றம் அன்று. செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாகவே அது எண்ணப்பட்டுள்ளது. எச்சம் உடைமை ஒளிப்படத்தின் இயல்பு. அதை நிரப்பாது முடிந்த பொருளாகக் கொள்வதே வாசிப்பின் குற்றம்.

6. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, கையெழுத்து ஒளிப்படம் உடன்பாட்டின் சான்று அன்று. உடன்பட்டதாக அறிவிக்கப்பட்டதன் சான்று.

இரண்டாவது, எடுத்துக்கொண்ட ஒளிப்படங்களில் ஒப்பந்தத்தின் சுமையையோ பயனையோ ஏற்க வேண்டிய தரப்பு சட்டகத்துக்கு வெளியே அல்லது அதன் விளிம்பில் நிற்கிறது. செக்கோசுலோவாக்கியா, எர்சுபெர்கர், வங்கதேசத்தார், ஈழத்தமிழர் ஆகியோரின் நிலைகள் தம்முள் வேறுபட்டன எனினும் இக்கூறு பொதுவாகும்.

மூன்றாவது, எச்சத்தை நிரப்பும் கருவி ஒளிப்படத்துள் இல்லை; ஒப்பந்த வாசகத்தில் உள்ளது. வாசகத்தின் வினைகளுக்கு உரிய வினைமுதல்களைப் பட்டியலிட்டு, அவர்களை ஒளிப்படத்தில் தேடுவது எளிய, ஆயின் பயனுள்ள ஆய்வுமுறை.

ஆதலின் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் இத்தகைய ஒளிப்படங்களை எடுத்தாளுவோர், படக்குறிப்பில் நாளையும் இடத்தையும் கையெழுத்திட்டோர் பெயரையும் தருவதோடு, ஒப்பந்தம் கட்டுப்படுத்தியும் கையெழுத்திடாத தரப்பினரையும் குறித்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டு ஒளிப்படத்தை ஈழத்தமிழர் வரலாற்றின் ஆவணமாகக் கொள்ளும் மாணவர்க்கு அந்த ஒருவரிக் குறிப்பு, அதற்குப் பின்வந்த ஆண்டுகளை விளங்கிக்கொள்ளும் தொடக்கமாக அமையும்.