கட்டங்களுக்குள் ஒரு பயணம்

மைசூரு மண்டி மொஹல்லாவில் கன்னடம், உருது, தமிழ் எனப் பல மொழி பேசுவோர் அருகருகே வாழ்கின்றனர். ஒருவர் வாங்கும் செய்தித்தாளை அடுத்த வீட்டார் படிக்க இயலாமல் போகலாம். எனினும் அதில் வரும் படக்கதையின் படங்களை இருவரும் புரிந்துகொள்வர். படத்திற்கு மொழி இல்லை. படத்தில் உள்ளோர் பேசும் சொற்களுக்கே மொழி உண்டு. இவ்வேறுபாடே படக்கதைகள் உலகெங்கும் பரவ வழிவகுத்தது.

ஒரு படம், பல இதழ்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் செய்தித்தாள்கள் வாசகரை ஈர்க்கப் படக்கதைகளை வெளியிடலாயின. தேர்ந்த ஓவியரைப் பணியமர்த்தும் வசதி சிறிய இதழ்களுக்கு இல்லை. இக்குறையை விநியோக நிறுவனங்கள் நீக்கின. அவற்றுள் புகழ்பெற்றது, 1915இல் அப்பெயர் பெற்ற கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட். ஓவியர் ஒருமுறை வரைந்த கதையை அந்நிறுவனம் பல இதழ்களுக்கு அனுப்பும். ஒவ்வோர் இதழும் அதற்குக் கட்டணம் செலுத்தும். பிறமொழி இதழ்கள் பேச்சுக் குமிழிலுள்ள ஆங்கிலத்தை நீக்கித் தம் மொழியை நிரப்பிக்கொள்ளும்.

லீ ஃபாக் 1936இல் தொடங்கிய 'ஃபேண்டம்' இவ்வாறே இந்தியாவை அடைந்தது. 1964 முதல் இந்திரஜால் காமிக்ஸ் அக்கதையை இந்திய மொழிகளில் வழங்கியது. மூலக்கதையில் வரும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. ஆகவே அந்நாடு இங்கே 'டெங்காலி' ஆயிற்று. படம் மாறவில்லை, வாசகருக்காகச் சொல் மாறியது.

முடிவில்லாக் கன்னித்தீவு

தமிழில் நாள்தோறும் வெளிவரும் படக்கதைகளுள் தலைசிறந்தது 'கன்னித்தீவு'. சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' நாளிதழில் 1960 முதல் இது வெளிவருகிறது. அரபுக் கதைகளின் கடலோடியாகிய சிந்துபாத் இதன் தலைவன். நாளுக்குச் சில கட்டங்களே வரும். இறுதியில் ஓர் ஆவல் எஞ்சும். அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கதை முடியவில்லை. எனவே, நீண்டுகொண்டே செல்லும் எதனையும் "கன்னித்தீவு போல" என்று கூறுவது தமிழர் பேச்சில் வழக்காயிற்று.

எழுத்துக்கூட்டிப் படிப்போரும் நாளிதழ் படிக்க வேண்டும் என்பது தினத்தந்தியின் நோக்கம். பெரிய செய்திகளைப் படிக்கத் தயங்கியவர்களுக்கும் படக்கதையின் ஓரிரு வரிகள் எட்டின. ஒரு சொல் விளங்காவிடினும் படம் அதன் பொருளை உணர்த்தும். மறுநாள் கதையை அறியும் ஆவலே அவர்களை மீண்டும் படிக்கச் செய்தது. அந்நாளிதழுக்குப் பெங்களூருப் பதிப்பும் உண்டு. எனவே ஊர் பெயர்ந்து கருநாடகம் வந்தோர்க்கும் கதை அறுபடவில்லை.

வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் வேறு மொழிகளில் பயிலும் மாணவர்க்குத் தமிழ்ச் சொல் செவிக்குப் பழகியது. அதன் எழுத்தோ கண்ணுக்குப் புதியது. அவர்களுக்கும் நாளுக்கு ஒரு பேச்சுக் குமிழ் நல்ல தொடக்கமாகும்.

அறிந்துகொள்க

ஆர். கே. லட்சுமண் 1921இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் 1951 முதல் அவர் வரைந்த கருத்துப்படங்களில் வரும் 'பொது மனிதர்' பேசுவதே இல்லை. சுற்றியுள்ளோரின் பேச்சைக் கேட்டு நிற்பார்.

சொற்பொருள்

விநியோகம் – பலருக்கும் பகிர்ந்து அனுப்புதல்
கடலோடி – கடற்பயணம் செய்பவர்
எஞ்சும் – மீதியாக நிற்கும்
அறுபடவில்லை – இடையில் நின்றுபோகவில்லை

பயிற்சி

1. விநியோக நிறுவனங்கள் தோன்றியதன் காரணம் யாது?
2. ஃபேண்டம் கதையில் நாட்டின் பெயர் ஏன் மாற்றப்பட்டது?
3. "கன்னித்தீவு போல" என்னும் தொடரை அமைத்து ஒரு வாக்கியம் எழுதுக.
4. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்குப் படக்கதை எவ்வாறு துணைபுரிகிறது? ஐந்து வரிகளில் விடையளிக்க.
5. கன்னட அல்லது ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு படக்கதையை வெட்டி ஒட்டுக. அதன் பேச்சுக் குமிழ்களுக்குரிய சொற்களைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக.