மானியம் போவது பட்டாவில் உள்ள பெயருக்கு

எங்கள் மூன்று ஏக்கர் புஞ்சை, தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியும் அவர் பெயர் இருந்த கூட்டுப் பட்டாவிலேயே கிடந்தது. உழுவது நான், தீர்வை கட்டுவது நான், இதற்கு மேல் பட்டா எதற்கு என்று இருந்துவிட்டேன். 2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் தொடங்கியது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தெருவில் பலருக்கும் 2,000 ரூபாய் வந்தது. எனக்கு வரவில்லை. சிட்டாவில் என் பெயரே இல்லையே!

அதற்குப் பிறகு அலைந்த அலைச்சல் ஒன்றரை வருடம். தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்கு ஒன்று. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு. இதில் கடினமானது அலுவலகம் அல்ல, வீடு. பெரிய அத்தை, “கையெழுத்துப் போடறேன் ராசா, எம் பங்கு எதுன்னு காட்டிட்டு வாங்கிக்கோ” என்றார். நியாயம்தானே? அரை ஏக்கரை அவர் பெயருக்குப் பிரித்து எழுதிய அன்றே மற்றவர்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களை ஒதுக்கிவிட்டுப் பட்டா மாற்ற நினைப்பவர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குப் பி.எம். கிசான் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. என் மனு ஏற்கப்பட்டது அதனால்தான். வருமான வரி கட்டுபவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

பெயர் ஏறியும் முதல் தவணை கைக்கு வரவில்லை. நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த கணக்கில்தான் ஆதார் இணைந்திருந்தது, பணம் அங்கே போய்விட்டது. எந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். சிட்டாவிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கட்டும். இ-கே.ஒய்.சி.யை முடித்து வையுங்கள்.

அந்தப் பட்டா கையில் இருந்ததால்தான் சொட்டுநீருக்கும் போக முடிந்தது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். முழு மானியம் என்றாலும் அரசு வைத்த விலை வரம்புக்கு மேல் போவது நம் கைக்காசு, ஆகவே முதலிலேயே மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மோட்டாரை ஓடவிட்டுக் கடைசி வரிசை வரை நடந்து பார்த்தேன். இரண்டு பக்கக் குழாயில் சொட்டே இல்லை. சரிசெய்த பிறகே கையெழுத்திட்டேன்.

என் வரப்புக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு உழுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நல்ல விவசாயி. உர விலை, கூலி, மழை எல்லாம் அவருக்கும் ஒன்றுதான், ஆனால் அந்த 6,000 ரூபாய் அவருக்குக் கிடையாது. நிலம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. குத்தகைதாரரையும் பி.எம். கிசானில் சேர்க்க வேண்டும் என்று அடுத்த குறைதீர் கூட்டத்தில் நாங்கள் இருவரும் மனு கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊரிலிருந்தும் ஒரு மனு கொடுங்கள்.