காப்பு அஞ்சலிகளை மென்பொருள் கொண்டு சோதித்தல்: ஆரம்பப் படிகள்

மாணவர்களே, உங்கள் வீட்டு மின் விநியோகப் பெட்டியைப் பாருங்கள். ‘ட்ரிப் சுவிச்’ என நாம் அழைக்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதனை அழுத்தினால் வீட்டின் மின் உடனே துண்டிக்கப்படும். பொத்தானை அழுத்தும்போது ஒரு தடையி ஊடாகச் சிறு மின்னோட்டம் பாய்ந்து, உயிர்க்கம்பியிலும் நொதுமற்கம்பியிலும் பாயும் மின்னோட்டங்களைச் சமனற்றதாக்குகின்றது. உண்மையான ஒழுக்கு ஏற்பட்டதென்றே சுற்றுடைப்பான் கருதுகின்றது. காப்புச் சாதனம் ஒன்றைப் பொய்யான வழு ஒன்றினால் சோதிக்கும் மிக எளிய முறை இதுவாகும்.

ஆயினும் இப்பொத்தான் எல்லாவற்றையும் கூறுவதில்லை. 30 மில்லியம்பியர் எனக் குறிக்கப்பட்ட பொது வகைச் சுற்றுடைப்பான், 30 மில்லியம்பியர் ஒழுக்கு ஏற்படும்போது 300 மில்லிசெக்கனுக்குள் துண்டிக்க வேண்டும். 15 மில்லியம்பியரில் துண்டிக்கக் கூடாது. இவ்விரண்டையும் பொத்தானால் அறிய முடியாது. அளவிடும் கருவி தேவை. வீட்டின் புவித்தொடுப்பு நன்றாக உள்ளதா என்பதையும் இப்பொத்தான் காட்டாது. பரீட்சையில் பலர் தவறும் இடம் இது.

‘துண்டிக்க வேண்டிய இடத்தில் துண்டிக்கின்றதா, துண்டிக்கக் கூடாத இடத்தில் சும்மா இருக்கின்றதா’ ஆகிய இரு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1. காப்பு அஞ்சலி

மின்காந்தச் சுருளும் தொடுகைகளும் கொண்ட அஞ்சலியை நீங்கள் அறிவீர்கள். தொழிற்களத்தில் இதனை ‘ரிலே’ என்பர். உப மின்னிலையங்களிலுள்ள காப்பு அஞ்சலியும் அடிப்படையில் இவ்வாறானதே. எனினும் அது வழு மின்னோட்டத்தைத் தானே துண்டிப்பதில்லை. மின்னோட்டத்தை அளந்து, வழு உண்டா என முடிவுசெய்து, பெரிய சுற்றுடைப்பானுக்குக் கட்டளை அனுப்புவதே அதன் வேலை. பழைய அஞ்சலிகளில் இம்முடிவை ஒரு சுழலும் தட்டு எடுத்தது. இக்காலத்து அஞ்சலிகளில் நுண்செயலி கணித்து எடுக்கின்றது.

33 கிலோவோல்ற்று வழி ஒன்றில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். அதனை நேரடியாக அஞ்சலிக்குக் கொடுக்க இயலாது. ஆகவே மின்னோட்ட நிலைமாற்றி பயன்படுத்தப்படும். 400:1 விகிதமுடைய நிலைமாற்றியின் முதன்மைப் பக்கத்தில் 400 அம்பியர் பாயும்போது துணைப் பக்கத்தில் 1 அம்பியர் பாயும். அஞ்சலி காண்பது இந்த 1 அம்பியரையே. சோதனைக்கு இது பெரும் வசதி: 4000 அம்பியர் வழுவைப் போலியாக உருவாக்குவதற்கு 10 அம்பியர் செலுத்தினாற் போதும்.

2. நேரமும் மின்னோட்டமும்

மின்னோட்டம் சற்றே கூடினால் அஞ்சலி பொறுத்திருக்க வேண்டும். பெரிதாகக் கூடினால் விரைந்து செயற்பட வேண்டும். இவ்வாறான நேர்மாறு வளையிகள் பலவற்றைச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60255 இலக்க நியமம் தருகின்றது. அவற்றுள் கணிப்பதற்கு எளியது ‘மிகு நேர்மாறு’ வளையியாகும்:

நேரம் (செக்கன்) = நேரப் பெருக்கி × 13.5 ÷ (மடங்கு − 1)

மடங்கு என்பது, செலுத்தும் மின்னோட்டத்தை அஞ்சலியின் தொடக்க மின்னோட்டத்தால் வகுக்கக் கிடைப்பது. சமன்பாட்டை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பிரதியிடத் தெரிந்தாற் போதும்.

உதாரணம்: தொடக்க மின்னோட்டம் 1 அம்பியர், நேரப் பெருக்கி 0.2 எனின்,
2 அம்பியரில்: 0.2 × 13.5 ÷ 1 = 2.70 செக்கன்
4 அம்பியரில்: 0.2 × 13.5 ÷ 3 = 0.90 செக்கன்
10 அம்பியரில்: 0.2 × 13.5 ÷ 9 = 0.30 செக்கன்

மடங்கு 1 ஆகும்போது பகுதி பூச்சியமாகின்றது. அதாவது தொடக்க மின்னோட்டத்திற்குச் சமமான மின்னோட்டத்தில் கணித்த நேரம் முடிவிலியாகும். நியமங்கள் சில வேளைகளில் இவ்வளவு அழகாகக் கணிதத்தோடு பொருந்துகின்றன!

3. மென்பொருளில் தொடங்குதல்

சோதனைத் தொகுதியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, மின்னோட்டத்தையும் வோல்ற்றளவையும் துல்லியமாகப் பிறப்பிக்கும் கருவி. மற்றையது, அதனை இயக்கும் கணினி மென்பொருள். ஒஸ்திரியாவின் ஓமிக்ரோன் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. திரையின் தோற்றம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும் வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே.

முதலில் அஞ்சலியின் விவரங்களைப் பதிய வேண்டும்: மீடிறன் 50 ஹேர்ட்ஸ், துணைப் பக்க மின்னோட்டம் 1 அம்பியரா 5 அம்பியரா, நிலைமாற்றியின் விகிதம் என்பன. இங்கு 1 இற்குப் பதிலாக 5 எனப் பதிந்தால், பின்வரும் கணிப்புகள் யாவும் பிழைக்கும். அடுத்ததாக வளையியின் வகை, தொடக்க மின்னோட்டம், நேரப் பெருக்கி ஆகியன பதியப்படும். அதன் பின்னர் கருவியின் எந்த முனை அஞ்சலிக்கு மின்னோட்டம் கொடுக்கின்றது, அஞ்சலியின் துண்டிப்புத் தொடுகை கருவியின் எந்த உள்ளீட்டில் இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றை மென்பொருளுக்குக் கூற வேண்டும். இவ்வுள்ளீடே கடிகாரத்தை நிறுத்துகின்றது. மின்னோட்டம் பாயத் தொடங்கிய கணத்திலிருந்து தொடுகை மூடும் கணம் வரையான நேரமே அளவீடாகும்.

சோதனையை இரு வகையாகச் செய்வர். மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி, அஞ்சலி எப்பொழுது விழித்துக்கொள்கின்றது எனக் காண்பது ஒன்று; இதனால் தொடக்க மின்னோட்டம் அறியப்படும். 2, 4, 10 அம்பியர் என நிலையான மின்னோட்டத்தைத் திடீரெனச் செலுத்தி நேரத்தை அளப்பது மற்றையது. மென்பொருள் ஒவ்வோர் அளவீட்டையும் எதிர்பார்த்த பெறுமானத்துடன் ஒப்பிட்டு, விலகல் எல்லைக்குள் இருந்தால் ‘சித்தி’ என்றும், இல்லாவிடின் ‘சித்தியில்லை’ என்றும் காட்டி, அறிக்கையையும் அச்சிட்டுத் தரும்.

கவனிக்க: மின்னோட்ட நிலைமாற்றியின் முதன்மைப் பக்கத்தில் மின்னோட்டம் பாயும்போது துணைச் சுற்றை ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. திறந்த முனைகளுக்கிடையே உயிராபத்தான உயர் வோல்ற்றளவு தோன்றும். முதலில் துணை முனைகளைக் குறுஞ்சுற்றாக்கிய பின்னரே அஞ்சலியைக் கழற்ற வேண்டும். அத்துடன் அஞ்சலியிலிருந்து சுற்றுடைப்பானுக்குச் செல்லும் துண்டிப்புச் சுற்றையும் பிரித்துவிட வேண்டும். இல்லாவிடின் சோதனைக்கெனக் கொடுத்த பொய் வழு ஊருக்கே மெய்யான இருளைத் தந்துவிடும். இவ்வேலை பயிற்சி பெற்றோருக்கு மட்டும் உரியது. நீங்கள் அறிய வேண்டியது அதன் தத்துவத்தையே.

பாடசாலையில் இக்கருவி இராது. ஆனால் மென்பொருளின் கணிப்புப் பகுதியை நீங்களே விரிதாளில் அமைக்கலாம். முதல் நிரலில் மின்னோட்டம், இரண்டாவதில் மடங்கு, மூன்றாவதில் கணித்த நேரம், நான்காவதில் அளந்த நேரம், ஐந்தாவதில் விலகல் சதவீதம். ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை.

4. பெறுபேற்றை வாசித்தல்

மேற்கூறிய அஞ்சலியைச் சோதித்தபோது 2.74, 0.91, 0.31 செக்கன்கள் கிடைத்தன எனக் கொள்வோம். விலகல்கள் முறையே 1.5%, 1.1%, 3.3%. அனுமதிக்கும் விலகல் எல்லை 5% எனின் அஞ்சலி சித்தி.

இனி, அதே அமைப்புகளைக் கொண்டதெனக் கூறப்படும் வேறோர் அஞ்சலியில் 2.01, 1.00, 0.59 செக்கன்கள் கிடைத்தன எனக் கொள்க. என்ன நடந்திருக்கும்? நேரப் பெருக்கி மட்டும் தவறாக இருந்தால் மூன்று நேரங்களும் ஒரே விகிதத்தில் மாறியிருக்க வேண்டும். இங்கோ 2 அம்பியரில் நேரம் குறைந்துள்ளது. 10 அம்பியரில் ஏறத்தாழ இரு மடங்காகியுள்ளது. வளையியின் வடிவமே வேறு என்பது தெளிவு.

‘நியம நேர்மாறு’ வளையியை ஐயுறுவோம். அதன் சமன்பாட்டில் 0.14 ஐ, மடங்கின் 0.02 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்து வருவதால் வகுத்து, நேரப் பெருக்கியால் பெருக்க வேண்டும். மடக்கை அட்டவணையை எடுங்கள். 2 இன் மடக்கை 0.3010. அதனை 0.02 ஆல் பெருக்க 0.0060. முரண்மடக்கை 1.014. அதிலிருந்து 1 ஐக் கழிக்க 0.014. 0.14 ÷ 0.014 = 10. 0.2 ஆல் பெருக்க 2.0 செக்கன். அளந்த 2.01 உடன் பொருந்துகின்றது. 4, 10 அம்பியர்களுக்கும் நீங்களே செய்து பாருங்கள். ஆகவே யாரோ வளையியைத் தெரிவுசெய்யும்போது தவறிவிட்டனர்.

இத்தவறு சிறியதன்று. இவ்வழிக்கு மேலேயுள்ள பிரதான அஞ்சலி அதே வழுவுக்கு 0.70 செக்கனில் செயற்படும்படி அமைக்கப்பட்டுள்ளதெனக் கொள்க. சரியான அமைப்பில் இரண்டுக்கும் இடையே 0.40 செக்கன் இடைவெளி உண்டு. வழு ஏற்பட்ட வழி மட்டும் துண்டிக்கப்படும். தவறான அமைப்பில் 0.11 செக்கனே எஞ்சும். கீழுள்ள சுற்றுடைப்பான் திறந்து முடிப்பதற்குள் மேலுள்ளதும் கட்டளை அனுப்பிவிடலாம். ஒரு வழியில் விழுந்த மரக்கிளைக்காக அந்த உப மின்னிலையத்தை நம்பியிருக்கும் ஊர்கள் யாவும், அவற்றின் வைத்தியசாலை உட்பட, மின்னிழக்கும்.

இங்கே மென்பொருளின் பலவீனம் ஒன்றையும் கூற வேண்டும். ‘எதிர்பார்த்த பெறுமானம்’ எங்கிருந்து வருகின்றது? நாம் பதிந்ததிலிருந்து. பொறியியலாளர் கணித்த அமைப்புத் தாளைப் பாராமல், அஞ்சலியின் உள்ளேயிருக்கும் அமைப்புகளையே பிரதிசெய்து மென்பொருளில் இட்டால், மேற்கூறிய தவறான அஞ்சலியும் மூன்று புள்ளிகளிலும் ‘சித்தி’ பெறும். தன் விடையைத் தானே திருத்திய மாணவனின் புள்ளி போன்றது அது.

அமைப்புத் தாளே காலங்கடந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1965 நவம்பர் 9 மாலை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சேர் அடம் பெக் இரண்டாம் மின்னிலையத்திலிருந்து புறப்படும் ஐந்து 230 கிலோவோல்ற்று வழிகளில் ஒன்றை அதன் அஞ்சலி துண்டித்தது. வழியில் எவ்வித வழுவும் இருக்கவில்லை. 1963 இல் 375 மெகாவாற்று என அமைக்கப்பட்ட எல்லையை, வளர்ந்துவிட்ட சுமை அன்று தாண்டியது, அவ்வளவே. துண்டிக்கப்பட்ட வழியின் சுமை மற்றைய நான்குக்கும் பரவ, அவையும் சில செக்கன்களில் துண்டிக்கப்பட்டன. ஒன்ராறியோவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஏறத்தாழ 3 கோடி மக்கள் மின்னிழந்தனர். சில இடங்களில் 13 மணித்தியாலம் வரை. அந்த அஞ்சலி பழுதடைந்திருக்கவில்லை. தனக்குக் கூறப்பட்டதையே செய்தது.

5. மாதிரி வினாக்கள்

வினா 1: 400:1 நிலைமாற்றியுடன் இணைந்த மிகு நேர்மாறு அஞ்சலியின் தொடக்க மின்னோட்டம் 1 அம்பியர், நேரப் பெருக்கி 0.2. வழியில் 2000 அம்பியர் வழுவைப் போலியாக்க எவ்வளவு மின்னோட்டம் செலுத்த வேண்டும்? எதிர்பார்க்கும் நேரம் யாது?
விடை: 2000 ÷ 400 = 5 அம்பியர். மடங்கு 5. நேரம் = 0.2 × 13.5 ÷ 4 = 0.675 செக்கன்.

வினா 2: மேற்படி சோதனையில் 1.35 செக்கன் அளக்கப்பட்டது. நேரப் பெருக்கி 0.4 என அமைக்கப்பட்டுள்ளதென உறுதியாகக் கூறலாமா?
விடை: கூற முடியாது. நேரம் சரியாக இரு மடங்காக இருப்பதால் அவ்வாறு ஐயுறலாம். ஆனால் ஒரு புள்ளியூடாகப் பல வளையிகள் செல்லலாம். வேறொரு மின்னோட்டத்திலேனும் சோதித்து, அங்கும் இரு மடங்கு கிடைக்கின்றதா எனக் காண வேண்டும்.

வினா 3: 0.9 அம்பியரை நீண்ட நேரம் செலுத்தியும் இதே அஞ்சலி செயற்படவில்லை. இது பழுதா?
விடை: அன்று. 0.9 அம்பியர் தொடக்க மின்னோட்டத்திலும் குறைவு. செயற்பட்டிருந்தாலே பழுதாகும்.